காப்புரிமைகளை வைத்து ஒரு கண்டுபிடிப்பாளரைப் பற்றி எழுதுகிறீர்களா? வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஒரு கண்டுபிடிப்பாளரைப் பற்றி எழுத உட்காருகிறோம். காப்புரிமைகளைத் தேடித் தரும் கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் பெயரைத் தட்டினால் முப்பது, நாற்பது பதிவுகள் வந்து விழுகின்றன. ஒன்று ஆய்வகக் கருவி, இன்னொன்று கணினித் திரையில் படம் வரையும் சுற்று. தலைப்பையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு "இவர் இதைக் கண்டுபிடித்தார்" என்று எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரியில்தான் பெரும்பாலான பிழைகள் புகுந்துவிடுகின்றன.

முதல் தவறு, தலைப்பை நம்புவது. காப்புரிமைப் பத்திரத்தில் படம் இருக்கும், பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். ஆனால் சட்டம் காப்பது உரிமைக் கோரல்களை, அதாவது 'இன்னது என்னுடையது' என்று வரையறுக்கும் வாக்கியங்களை மட்டுமே. துறையில் இருப்பவர்கள் 'கிளெய்ம்' என்றுதான் சொல்வார்கள். இன்றைய அமெரிக்கப் பத்திரமானால் கடைசிப் பக்கங்களில் எண் போட்டு இருக்கும். அதைப் படிக்காமல் அந்த மனிதர் என்ன செய்தார் என்று சொல்லவே முடியாது.

அமெரிக்க வேதியியலாளர் ஆர்னால்டு பெக்மனை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பில் வேலை பார்த்த நண்பர் கிளென் ஜோசப், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியவில்லை என்று அவரிடம் வந்தார். சாற்றில் கந்தக டையாக்சைடு கலந்திருந்ததால் லிட்மஸ் தாள் வெளுத்துப் போகும். அமிலத்தன்மையை மின்சாரமாக உணரும் கண்ணாடி மின்முனை அப்போதே இருந்தது. ஆனால் அதிலிருந்து வரும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. அதை கால்வனோமீட்டரில் (சிறு மின்னோட்டத்தைக் காட்டும் கருவி) பார்க்க வேண்டுமானால் கண்ணாடிக் குமிழ் பெரிதாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும்; தொட்டால் உடையும். குமிழைச் சிறியதாக, தடிமனாகச் செய்துவிட்டு, சமிக்ஞையை வெற்றிடக் குழாய் கொண்டு பெருக்கிக்கொள்ளலாம் என்பது பெக்மனின் யோசனை.

1934 அக்டோபரில் விண்ணப்பம், 1936 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை எண் 2,058,761. தலைப்பு 'அமிலத்தன்மையைச் சோதிக்கும் கருவி'. பிஎச் (அமிலத்தன்மையைக் குறிக்கும் எண்) என்ற சொல்லே தலைப்பில் கிடையாது. பிஎச் அளவுகோலை சோரன்சென் 1909-லேயே டென்மார்க்கில் தந்துவிட்டார். ஆக, 'பிஎச் அளவீட்டைக் கண்டுபிடித்தவர் பெக்மன்' என்று எழுதினால் தவறு. அவர் தந்தது கையோடு தூக்கிப்போய், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய ஒரு பெட்டி. அது சின்ன விஷயமே இல்லை. அப்புறம், அந்தப் பத்திரத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இன்னொருவர் ஹென்றி ஃப்ராக்கர். அவரை விட்டுவிட்டு எழுதப்பட்ட கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு மனது கேட்பதில்லை.

கணினி வரைகலையில் இதே தவறுக்குப் பேர்போன உதாரணம் 1980-ல் வழங்கப்பட்ட 4,197,590. உரிமையாளர் கேட்ராக் நிறுவனம். "எக்ஸார் கணக்கையே காப்புரிமை எடுத்துவிட்டார்கள்" என்று இன்றும் சொல்கிறார்கள். எக்ஸார் என்பது இரண்டு பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0. திரை நினைவகத்தில் ஒரு புள்ளி 1, அதன் மேல் சுட்டியின் (கர்சரின்) 1: விடை 0, புள்ளி மாறித் தெரியும். சுட்டி நகர்ந்ததும் அதே 1-ஐ மறுபடி எக்ஸார் செய்தால் பழைய 1 திரும்பி வந்துவிடும். கீழே இருந்த படத்தை வேறெங்கும் சேமித்து வைக்கத் தேவையில்லை. திரைக்கான நினைவகத்தில் இந்த உத்தியைப் பயன்படுத்தும் முறைக்குத்தான் உரிமை கோரினார்கள். எக்ஸார் என்ற தருக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

'முதல்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். மிகச் சிறிய அளவு திரவத்தை எடுத்து அளக்கும் ஆய்வகக் கருவியான மைக்ரோபிப்பெட் யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஜெர்மனியில் மார்பர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர், வாயால் உறிஞ்சி அளப்பது பிடிக்காமல், ஸ்பிரிங் வைத்த பிஸ்டனும் கழற்றிப் போடும் பிளாஸ்டிக் முனையும் கொண்ட ஒன்றைச் செய்து 1957-ல் விண்ணப்பித்தார். அது ஒரே அளவை எடுப்பது. திருகி அளவை மாற்றிக்கொள்ளும் பிப்பெட் விஸ்கான்சினில் வாரன் கில்சன் முதலியோரின் வேலை, 1974-ல் காப்புரிமை. இரண்டு பேருக்கும் உரிய இடம் இருக்கிறது, ஆனால் வேறு வேறு இடம்.

அடுத்து, காலக் கணக்கு. 'காப்புரிமை 20 ஆண்டு' என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டு வழங்கிய தேதியோடு 20-ஐக் கூட்டிவிடுகிறார்கள். 20 ஆண்டு என்பது விண்ணப்பித்த நாளிலிருந்து. அமெரிக்காவில் 1995 ஜூன் 8-க்கு முன் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு என்ற விதி இருந்தது. அன்று உயிரோடு இருந்த காப்புரிமைகளுக்கு இரண்டில் எது நீளமோ அது. ஸ்கேன் படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் எடுக்கும் 'மார்ச்சிங் கியூப்ஸ்' முறையில் இதைப் போட்டுப் பாருங்கள். விண்ணப்பம் 1985 ஜூன் 5, வழங்கியது 1987 டிசம்பர் 1. பழைய கணக்கில் 2004 டிசம்பர். புதிய கணக்கில் 2005 ஜூன். பின்னதுதான் சரி. வழங்கிய நாளோடு 20-ஐக் கூட்டியவர் 2007 என்று எழுதியிருப்பார். இடையில் பராமரிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே காலாவதியாகிவிடும், அதையும் பார்க்க வேண்டும். இந்தக் காப்புரிமையின் தலைப்பில் 'மார்ச்சிங் கியூப்ஸ்' என்ற பெயரே இல்லை. 'திடப்பொருளின் உட்புற மேற்பரப்புகளைக் காட்டும் முறை' என்கிற மாதிரி நீளமாகப் போகும். பிரபலமான பெயரைப் போட்டுத் தேடிவிட்டு "அப்படி ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

எண்ணிக்கையில் வரும் தவறைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பதிவு எண்ணின் கடைசியில் ஏ1 என்று இருந்தால் அது வெளியிடப்பட்ட விண்ணப்பம்தான். 2001 முதல் பி1, பி2 என்றால்தான் வழங்கப்பட்டது; அதற்கு முன் வழங்கப்பட்டவற்றில் வெறும் ஏ என்றிருக்கும். ஒரே கண்டுபிடிப்பு அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று மூன்று எண்ணில் வரும். அதை மூன்று கண்டுபிடிப்பு என்று எண்ணக் கூடாது.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதும் சகஜம். பிப்பெட்டும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே பெயரில் வந்தால் ஊர், கூட்டாளிகளின் பெயர், நிறுவனம் மூன்றையும் ஒப்பிடுங்கள். வகைப்பாட்டுக் குறியீடும் உதவும்: ஆய்வகக் கருவிகள் பி01எல், திரையைக் கட்டுப்படுத்தும் சுற்றுகள் ஜி09ஜி, படச் செயலாக்கம் ஜி06டி.

கடைசியாக, கண்டுபிடித்தவர் வேறு, உரிமையாளர் வேறு. ஜேம்ஸ் கிளார்க்கின் 'ஜியோமெட்ரி எஞ்சின்' காப்புரிமை 1981-ல் விண்ணப்பித்து 1984-ல் வழங்கப்பட்டது, எண் 4,449,201. ஒரே மாதிரியான பல செயலிகளை வரிசையாக வைத்து வடிவியல் கணக்குகளைச் செய்யும் அமைப்பு அது. 12 சிப்புகள்: நான்கு அணிப் பெருக்கலுக்கு (உருவத்தைத் திருப்பவும் நகர்த்தவும் செய்யும் கணக்கு), ஆறு திரைக்கு வெளியே போவதை வெட்டி எடுக்க, இரண்டு அளவை மாற்ற. எல்லாம் ஒரே சிப்தான், வேலை மட்டும் வேறு. இதைக் கொண்டு அவர் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார் என்பதால், உரிமையும் அந்த நிறுவனத்துடையது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் கிளார்க், உரிமை பெற்றவர் என்ற இடத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு.