சக்கர் மீன் வாங்கியாச்சா? ஓசூர், தருமபுரித் தண்ணீரில் முதல் ஒரு மாதம்

"தொட்டியைச் சுத்தமா வச்சுக்கும் சார், தனியா தீனி போட வேண்டாம்" என்று சொல்லித்தான் இரண்டு இன்ச் சக்கர் குட்டியைக் கவரில் கட்டிக் கொடுத்திருப்பார்கள். கண்ணாடியில் படியும் பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அவ்வளவுதான். மற்ற மீன்களின் கழிவை அது தின்னாது. தொட்டியிலேயே அதிகம் கழிவு போடுவது அதுதான். காலையில் மணல்மேல் நூல் நூலாகக் கிடப்பதைப் பாருங்கள், தெரியும். பட்டினி போட்டால் வயிறு ஒட்டி, ஓரிரு மாதத்தில் செத்துப்போகும். "காரணமே இல்லாமல் செத்தது" என்று சொல்லப்படும் சக்கர்களில் நிறைய பசியால் போனவைதான்.

முதலில், எந்தச் சக்கர்?

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் புள்ளிச் சக்கர் ஒன்றரை அடி வரை வளரும். அதற்குக் கடைசியில் ஆறடித் தொட்டி வேண்டும். மூக்கில் மீசை மீசையாக முளைக்கும் பிரிசில்நோஸ் வகை ஐந்து இன்ச்சோடு நின்றுவிடும். இரண்டரை, மூன்றடித் தொட்டிக்கு அதுதான் சரி. பாசி தின்பதிலும் அதுவே கெட்டி. இன்னும் வாங்கவில்லை என்றால் பெங்களூரிலோ சென்னை கொளத்தூரிலோ இதைக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வயிறு உப்பலாகவோ தட்டையாகவோ இருக்கலாம். உள்வாங்கிக் குழி விழுந்திருந்தால், கண்ணும் உள்ளே போயிருந்தால், வேண்டாம்.

தண்ணீர்: நம்ம ஊர்ச் சிக்கல் இங்கேதான்

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கும். ஒன்று போர்த் தண்ணீர், உப்பும் கடினமும் அதிகம். இன்னொன்று ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர். இது காவிரித் தண்ணீர், குளோரின் போட்டு வருவது.

குளோரின் மீனின் செவுளை அரிக்கும். ஃபில்டரில் வளர்ந்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற பக்கெட்டில் 24 மணி நேரம் வைத்து, உள்ளே ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் டியூபின் முனையில் மாட்டும், குமிழி விடும் கல்) ஓடவிடுங்கள். அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு, பாட்டிலில் போட்ட அளவுப்படி.

போர்த் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் (கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் மீட்டர்) அளந்து பாருங்கள். ஆயிரத்தைத் தாண்டும் போர்களும் உண்டு. 150-லிருந்து 400-க்குள் இருந்தால் இந்த மீனுக்குக் கவலையில்லை. அதிகமென்றால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து 400-க்குள் இறக்கலாம். வெறும் ஆர்.ஓ. மட்டும் ஊற்றாதீர்கள்: தாதுவே இல்லாத தண்ணீரில் பி.எச். (புளிப்பு, காரத்தின் அளவு) நிலையாக நிற்காது. கலவை எதுவானாலும் வாராவாரம் அதே கலவை. இந்த வாரம் போர், அடுத்த வாரம் காவிரி என்று மாற்றுவதுதான் மீனைக் கெடுக்கிறது.

தொட்டி

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் விளிம்பு வரை ஏறக்குறைய 190 லிட்டர். அதற்கு மணிக்கு ஆயிரம் லிட்டர் ஓட்டும் ஃபில்டர் போடுங்கள். புதுத் தொட்டி என்றால் மீன் விடுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பே ஃபில்டரை ஓட்டத் தொடங்கி, தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். தீனி அழுகி வரும் அம்மோனியாவில்தான் பாக்டீரியா வளரும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகுதான் மீன். ஏற்கெனவே ஓடும் தொட்டி உள்ள நண்பரிடம் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் காத்திருப்பு குறையும்.

அடியில் நன்றாக அலசிய ஆற்று மணல். எம்-சாண்ட் வேண்டாம், முனை கூராக இருக்கும், இந்த மீனோ வயிற்றாலேயே ஊர்வது. கல் வைக்க ஆசையென்றால் கிரானைட் துண்டு தாராளமாக வைக்கலாம், தண்ணீரில் எதையும் கரைத்துவிடாது. அறுத்த விளிம்பை மட்டும் தேய்த்து மழுக்கி, பாலிஷ் சேறு போகக் கழுவுங்கள். வேறு கல்லென்றால் மேலே வினிகர் நாலு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், வெளியே போடுங்கள்.

ஒளிய இடம் கட்டாயம். பாதி உடைந்த, பூச்சு இல்லாத மண் சட்டியைக் கவிழ்த்து வைத்தாலே போதும். டிரிஃப்ட்வுட் (தொட்டியில் வைக்கும் மரத்துண்டு) ஒன்றும் வேண்டும், சக்கர் அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் ஊறவைத்துப் போடுங்கள். தண்ணீர் டீ நிறமானால் பயப்பட வேண்டாம்.

ஓசூர், தளி பக்கம் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் வேண்டும். லிட்டருக்கு ஒரு வாட் கணக்கு, 25 டிகிரியில் வையுங்கள். மேலே பிளாஸ்டிக் கூண்டு உள்ள ஹீட்டராகப் பாருங்கள். கூண்டு இல்லாவிட்டால் சக்கர் அதன்மேல் ஒட்டிக்கொண்டு வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். தருமபுரிச் சித்திரை வெயிலில் கதை நேர்மாறு: தண்ணீர் 30-ஐத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும். மூடியை எடுத்து வலை போட்டு, நீர்ப்பரப்பில் ஒரு சின்ன ஃபேன் காற்றுப் படும்படி வையுங்கள். இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். பவர் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

தொட்டி இருக்கும் அறையில் கொசு ஸ்பிரே அடிக்கவே கூடாது. ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும்.

மீனை விடுவது

1. தொட்டி விளக்கை அணையுங்கள். கவரைப் பிரிக்காமல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள்.

2. கடை உள்ளூர் என்றால்: கவரைப் பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முக்கால் மணி நேரம் ஆகட்டும்.

3. கவருக்குள் ஆறேழு மணி நேரம் பஸ்ஸில் வந்த மீன் என்றால் இவ்வளவு நேரம் எடுக்காதீர்கள். கட்டிய கவருக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் உள்ளே சேர்ந்த அம்மோனியாவின் நச்சு அடங்கியிருக்கும். கவரைப் பிரித்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும். பி.எச். ஏழிலிருந்து எட்டானால் நச்சு அம்மோனியா பத்து மடங்கு கிட்ட கூடிவிடும். நம் போர்த் தண்ணீரின் பி.எச். எட்டை ஒட்டியே இருப்பதால், அதைக் கவரில் ஊற்ற ஊற்ற இந்த விளைவு வேகமாக நடக்கும். சூடு சமமானதும் மீனை உடனே தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

4. வலை போட்டுப் பிடிக்க வேண்டாம். பக்கத் துடுப்பின் முள் வலையில் சிக்கினால் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டிவரும். பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளுங்கள். கவர்த் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

இரண்டு, மூன்று நாள் சட்டிக்குள்ளேயே இருக்கும். தேடிக் கிளறாதீர்கள். எப்போதாவது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். வயிற்றாலும் சுவாசிக்கத் தெரிந்த மீன் அது. நிமிடத்துக்கு நிமிடம் மேலே வந்தால்தான் ஆக்சிஜன் குறைவு, அல்லது அம்மோனியா.

தீனி

விளக்கணைத்து அரை மணி கழித்துப் போடுங்கள். பகலில் போட்டால் மற்ற மீன்கள் முடித்துவிடும். மூன்று இன்ச் மீனுக்கு இரவில் ஒரு ஆல்கே வேஃபர் (பாசி கலந்த, அடியில் மூழ்கும் தீனி வில்லை). வாரத்தில் மூன்று நாள் காய்: சுரை, பீர்க்கு, வெள்ளரி, எதுவானாலும் தோல் சீவாமல், அரை இன்ச் வில்லை. சுரையும் பீர்க்கும் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு ஆறவிடுங்கள். வில்லை மிதக்கும், எவர்சில்வர் ஸ்பூன் காம்பை அதில் குத்திவிட்டால் அப்படியே அடியில் உட்காரும். விடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். காலையில் தோலோரம் மட்டும் வளையமாக நின்று நடுச்சதை காலியாகியிருந்தால் மீன் நன்றாகச் சாப்பிடுகிறது.

தங்கமீனோடு சேர்த்து வளர்க்காதீர்கள். பசித்த சக்கர் அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும், மேலே புண்ணாகும்.

வாராவாரம்

கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், டியூப் போட்டு மணல்மேல் கிடக்கும் கழிவோடு சேர்த்து. ஸ்பாஞ்சை அப்படி எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் அல்ல. முதல் மாதம் வாரம் இருமுறை அம்மோனியா பாருங்கள். கொஞ்சம் காட்டினாலும் அன்றே பாதித் தண்ணீர் மாற்றித் தீனியை நிறுத்துங்கள்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கல் உப்பை அள்ளிப் போடும் பழக்கம் இங்கே வேண்டாம். சக்கருக்கு உப்பும் தாமிர மருந்தும் ஒத்துக்கொள்ளாது. சூட்டை இரண்டு நாளில் மெல்ல 30-க்கு ஏற்றி, ஏர் பம்பைக் கூட்டி, மருந்து போட்டால் பாதி அளவு.

பெரிதானால்

கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையிலோ ஊர் ஏரியிலோ விடாதீர்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பரவியிருக்கிறது; கரையில் பொந்து தோண்டி முட்டையிடும், மீனவர் வலையைக் கிழிக்கும், இங்கே வாங்குவாரும் இல்லை. ஒன்பது இன்ச் தாண்டும்போதே கடையில் திருப்பி எடுப்பார்களா, பெரிய தொட்டிக்காரர் யாராவது உண்டா என்று கேட்கத் தொடங்குங்கள். கொண்டுபோகக் கவர் ஆகாது, முள் குத்தி ஓட்டையாகும்; மூடியில் துளையிட்ட பெயின்ட் பக்கெட் போதும், பெயின்ட் வாசம் சுத்தமாகப் போயிருந்தால்.