பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கு ஒயில் பிரஷர் கேஜ் பூட்டுவது எப்படி?

மொறிஸ் மைனரின் டாஷ்போர்டில் ஒயிலுக்கென்று இருப்பது ஒரு சின்ன விளக்கு மட்டும்தான். அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகே அது எரியும். அதற்கு முன் மாதக்கணக்கில் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற பழைய இன்ஜின்கள் பல, 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்க்க வைக்கும்; பெயாரிங் தேயும். அந்த இன்ஜின்களுக்குக் கேஜ் கட்டாயம் வேண்டும். அதிலும் மெக்கானிக்கல் கேஜ்தான் நல்லது. பற்றரியோ வயரோ பழுதானாலும் அது சரியாகவே காட்டும்.

கேஜின் உள்ளே இருப்பது வளைந்த, தட்டையான ஓர் உலோகக் குழாய். நல்லூர்த் திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் ஊதும் சுருள் பீப்பியைப் போல, ஒயில் அழுத்தம் ஏற அது விரிய முயலும். அந்த அசைவுதான் முள்ளைத் திருப்புகிறது. பிரான்ஸின் யூஜீன் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

வாங்க வேண்டியவை: 0–100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) கேஜ், 1/8 அங்குலச் செப்புக் குழாய், பழைய விளக்கு சுவிட்சையும் சேர்த்துப் பூட்ட ஒரு ரீ ஜொயின்ற் (T வடிவ இணைப்பு), தகரத்தில் குழாய் உரசாமல் இருக்க ரப்பர் வளையம்.

புரி (திரெட்) விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 1/8 பிஎஸ்பி என்ற பிரித்தானியக் குழாய்ப் புரியில் அங்குலத்துக்கு 28 சுற்று, கோணம் 55 பாகை. அமெரிக்கக் கேஜ் செட்டுகளோடு வரும் 1/8 என்பிடி என்ற அமெரிக்கக் குழாய்ப் புரியில் 27 சுற்று, கோணம் 60 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் முதலில் கொஞ்சம் சுற்றும், பிறகு இறுகும். அந்த இடத்தில் ஸ்பானரால் பலம் கொடுத்தால் பித்தளை வெடிக்கும், இல்லாவிட்டால் பிளொக்கின் புரியே கெடும். பழைய சுவிட்சைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். பொருந்தாவிட்டால் லேத் பட்டறையில் ஓர் அடாப்டர் கடைந்து வாங்குவதே பாதுகாப்பு.

சரி, பூட்டுவோம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஒஸ்ரின் ஏ30, ஏ35, மொறிஸ் மைனர் 1000 போன்றவற்றின் ஏ-சீரிஸ் இன்ஜினில், டிஸ்ரிபியூற்றர் இருக்கும் பக்கத்தில், பிளொக்கின் பின்முனையை ஒட்டி ஒயில் சுவிட்ச் இருக்கும். அதைக் கழற்றி ரீ ஜொயின்றைப் பூட்டி, ஒரு வாயில் சுவிட்சையும் மறு வாயில் குழாயையும் மாட்டுங்கள். திரெட் சீல் நாடாவைக் கூம்புப் புரிக்கு மட்டும் சுற்றுங்கள், முனையில் முதல் சுற்றை விட்டுவிட்டு. உள்ளே போகும் ஒரு துண்டு நாடாவே மெல்லிய குழாயை அடைக்கப் போதும். கேஜின் பின்பக்கம் வேறு மாதிரி: பழைய ஸ்மித்ஸ் கேஜ்களில் சின்னத் தோல் வாஷர் ஒன்று இருக்கும். அது காய்ந்திருந்தால் மாற்றுங்கள். அங்கே நாடா வேண்டாம்.

ரப்பர் மவுன்டில் இருக்கும் இன்ஜின் ஆடும், காரின் பொடி (உடல்) ஆடாது. நேராக இழுத்துக் கட்டிய செப்புக் குழாய் இந்த அசைவில் இறுகி வெடித்துவிடும். ஆகவே இன்ஜின் அருகே இரண்டு சுருள் விடுங்கள். எக்ஸோஸ்ற் மனிபோல்டையும் ஸ்ரியறிங் தண்டையும் குழாய் நெருங்கக் கூடாது.

ஸ்ரார்ட் செய்ததும் சில நொடிகளில் முள் எழ வேண்டும். குழாயில் காற்று இருந்தாலும் அளவு மாறாது. ஒவ்வொரு பூட்டையும் கடதாசியால் துடைத்து, கசிவைப் பாருங்கள். நல்ல ஏ-சீரிஸ் இன்ஜின் சூடானபின் ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ அளவிலும், ஐட்லிங்கில் 15 அளவிலும் நிற்கும்.

முள் எழவே இல்லையா? உடனே நிறுத்துங்கள். டிப்ஸ்ரிக்கில் ஒயில் சரியாக இருந்தால், கொயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றி, கேஜ் பக்க நட்டைச் சற்றுத் தளர்த்தி, துணி பிடித்துக்கொண்டு ஸ்ரார்ட்டரைச் சுழற்றுங்கள். ஒயில் வந்தால் கேஜில் பிழை. வராவிட்டால் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். குழாயில் அடைப்பும் இல்லை என்றால் இன்ஜினை இயக்கவே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சூடானபின் மட்டும் அழுத்தம் விழுந்தால், பெயாரிங் என்று முடிவுகட்டுமுன் டிப்ஸ்ரிக்கை முகருங்கள். ஏ30, ஏ35இன் மெக்கானிக்கல் பெற்றோல் பம்பில் டயாப்ரம் கிழிந்தால் பெற்றோல் நேரே சம்புக்குள் (இன்ஜினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டிக்குள்) இறங்கும். மணம் இருந்தால் பம்பைத் திருத்தி ஒயிலை மாற்றுங்கள். மணம் இல்லையா? குவிந்த மூடி போன்ற டோம் நட்டுக்குள் இருக்கும், மிகை அழுத்தத்தை வெளிவிடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கையும் இருக்கையையும் பாருங்கள். பெயாரிங் அதற்குப் பிறகுதான். வளைவில் திரும்பும்போது முள் துடித்து விழுந்தால் ஒயில் மட்டம் குறைவு. இன்ஜின் நின்ற பிறகும் பூச்சியத்துக்கு வராத முள் என்றால் கேஜுக்குள் இருக்கும் வளைந்த குழாய் நீண்டுபோயிருக்கிறது.

மெக்கானிக்கல் வெப்பக் கேஜும் பூட்டுகிறீர்களானால் ஒன்று: பழைய கேஜ்களின் குமிழுக்குள்ளும் மயிரிழைக் குழாய்க்குள்ளும் எரியக்கூடிய ஈதர் இருக்கிறது. நீளம் அதிகம் என்று வெட்டினால் கேஜ் முடிந்தது. மிச்சத்தைச் சுருட்டிக் கட்டுங்கள். பூட்டுமுன் குமிழைக் கொதிநீரில் வையுங்கள். கடல்மட்டத்தோடு ஒட்டிய நம் ஊரில் அது 100 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும், ஃபரன்ஹைட் கேஜ் என்றால் 212. சில மாதங்களில் முள் சோம்பலாக ஏறத் தொடங்கினால் குமிழைக் கழற்றிப் பாருங்கள்: நம் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர் அதில் வெள்ளைப் படிவு கட்டியிருக்கும். வினாகிரியில் ஊறவைத்துக் கழுவி, ரேடியேற்றருக்கு மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ விடுங்கள்.