மழைக்காலம் கழிந்தபின் வீட்டுப் புல்தரையைச் செப்பனிடுதல்

சென்னை வீடுகளின் புல்தரையில் தை மாதம் கண்ணில் படும் சேதம் பெரும்பாலும் அதற்கு முந்தைய மழையிலேயே தொடங்கியதாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் நீர் தேங்கிய இடங்களில் காற்றோட்டமின்றி வேர் அழுகுகிறது. தொடர்ந்து வரும் மார்கழிப் பனியில் இலைகள் வெகுநேரம் ஈரமாகவே இருப்பதால் பூஞ்சை பற்றிப் பழுப்புத் திட்டுகள் தோன்றுகின்றன. பொங்கல் முடிந்ததும் தொடங்கி மாசிக்குள் வேலையை முடித்தால், கத்திரி வெயிலுக்கு முன்பே புதுப்புல் வேரூன்றிவிடும்.

பழுப்பைக் கண்டதும் யூரியா தூவுவதுதான் பலரது வழக்கம். வேரே இல்லாத இடத்தில் உரம் என்ன செய்யும்? திட்டின் நடுவில் ஒரு பிடிப் புல்லைப் பற்றி மெல்ல இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பின்றிக் கையோடு வந்து, வேர் கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் அது செத்துவிட்டது. மண்ணை இறுகப் பிடித்துக்கொண்டு, தண்டின் கணுவில் வெளிறிய பச்சை தெரிந்தால் தானே துளிர்க்கும். அதைத் தோண்ட வேண்டியதில்லை.

செத்த புல்லையும் சருகையும் வாரி எடுத்தபின் களைக்கு வாருங்கள். மற்றவை கையால் இழுத்தாலே வந்துவிடும், கோரை அப்படியன்று. மேலே உள்ள தாளை மட்டும் பிடுங்கினால் கீழே கிழங்கு தங்கி மீண்டும் முளைக்கும் என்பதால், ஈரம் இருக்கும்போதே சிறு கடப்பாரையால் மண்ணை நெம்பி, கறுத்த கிழங்குகளை அவற்றை இணைக்கும் வேரோடு சேர்த்து எடுக்க வேண்டும். அடுத்து மண்ணில் கலக்கும் உரத்திலும் கவனம் தேவை. மக்காத தொழுவுரத்தோடு களை விதைகளும் வந்து சேரும் என்பதால், மண்புழு உரமே பாதுகாப்பானது.

அடுத்த வேலை மண்ணைப் பொறுத்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்ந்த பகுதிகளில் வெள்ளநீர் வடிந்தபின் வண்டல் படிந்திருக்கலாம். புல்லை மூடிய வண்டலைச் சுரண்டி அகற்றிவிட்டு, ஒரு சாண் இடைவெளியில் நான்கு விரற்கடை ஆழத்துக்குத் துளையிட்டு, ஆற்றுமணலும் மட்கிய உரமும் கலந்து நிரப்புங்கள். உப்பு சேரும் என்பதால் கடல்மணல் கூடவே கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கரையோர மணற்பாங்கான நிலத்தில் நீர் தானே இறங்கிவிடும். ஆனால் சத்தும் அதனுடன் போய்விடும் என்பதால் அங்கே மணல் வேண்டாம், மட்கிய உரம் மட்டும் போதும். தண்ணீர் தேங்கிய பள்ளத்தை மேடாக்காமல் புல் நட்டால், அடுத்த ஐப்பசியில் இதே வேலை மறுபடி காத்திருக்கும்.

வெற்றிடங்களில் அருகம்புல்லாயின், இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுகளை நான்கு விரற்கடை இடைவெளியில் நட்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்குமாறு அழுத்திவிட்டாலே போதும். மெதுவாகப் பரவும் கொரியன் புல்லுக்குத் துண்டாக வெட்டிய புல்மெத்தைதான் ஏற்றது. பழைய புல்லின் இனத்தையே வாங்குங்கள். இரண்டும் கலந்தால் தரை திட்டுத்திட்டாகவே தெரியும்.

மாலையில் நீர் விட்டால் இரவு முழுவதும் ஈரம் தங்கிப் பூஞ்சை திரும்பும் என்பதால் காலையிலேயே விடுங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு மிகுதி. மிச்சம் பிடிக்க எண்ணி அதைப் புல்லுக்குத் திருப்ப வேண்டாம். உரம் இடுவதும் கத்தரிப்பதும் புதுத் தண்டுகள் இழுத்தால் வராத அளவுக்கு வேர்பிடித்த பிறகுதான். அப்போதும் ஒரே தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது.