‘டிராங்க்வில்’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே எழுதுவது? படிப்படியான விளக்கம்

நிலவின் வரைபடத்தில் அருகருகே இரண்டு ‘கடல்கள்’ இருக்கின்றன. தண்ணீரில்லாத இந்தக் கருஞ்சமவெளிகளுக்கு இத்தாலிய வானியலாளர் ரிச்சியோலி 1651-இல் லத்தீனில் பெயரிட்டார். அவற்றுள் ஒன்று ஆங்கிலத்தில் ‘சீ ஆஃப் டிராங்க்விலிட்டி’ ஆனது. அதன் வடமேற்கில் ஒட்டிக் கிடப்பது ‘சீ ஆஃப் செரினிட்டி’ ஆனது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 இறங்கிய இடம் முன்னது. அதை நாம் ‘அமைதிக் கடல்’ என்று எழுதுகிறோம். பின்னதற்குத் தமிழ் தேடி அகராதியைப் புரட்டினால், அங்கும் ‘அமைதி’யே வந்து நிற்கிறது. போதாக்குறைக்குப் பூமியிலிருக்கும் பசிபிக்கையும் ‘அமைதிப் பெருங்கடல்’ என்று எழுதும் வழக்கம் உண்டு.

தமிழில் ‘அமைதி’ என்ற ஒரே சொல் வகுப்பறைக்கும், குளத்துக்கும், நோபல் பரிசுக்கும் பொருந்திவிடுவதால், ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும் நமக்குத் தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கத்தைத் தீர்க்க நான் கையாளும் வழியை, ‘டிராங்க்வில்’ என்ற சொல்லை மையமாக வைத்துக் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: எது இல்லை என்று கேளுங்கள்

‘அமைதி’க்கு ஈடாக ஆங்கிலத்தில் வரும் சொற்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றின் இன்மையைக் குறிப்பவை. எனவே ‘எது இருக்கிறது’ என்று யோசிப்பதைவிட ‘எது இல்லை’ என்று கேட்டால் விடை விரைவில் கிடைக்கும். சத்தம் இல்லையென்றால் ‘குவையட்’. அசைவு இல்லையென்றால் ‘ஸ்டில்’. போரோ பூசலோ இல்லையென்றால் ‘பீஸ்’ (பிரியாணியில் நாம் எண்ணிப் பார்க்கும் ‘பீஸ்’ வேறு, அதற்கு எழுத்தும் வேறு).

காற்றும் கொந்தளிப்பும் பதற்றமும் இல்லையென்றால் ‘காம்’. இதில் ‘எல்’ எழுத்தை எழுத வேண்டும், ஒலிக்கக் கூடாது. காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலில் பூஜ்யத்துக்கு இதுவே பெயர்: புகை நேராக மேலெழும் நிலை. ‘செரீன்’ என்பதன் லத்தீன் மூலம் மேகமற்றுத் தெளிந்த வானத்தைக் குறித்தது. நிலவின் மற்றக் கடல்களுக்கு மழை, மேகம் என்றெல்லாம் வானிலைப் பெயர்கள் இருப்பதைப் பார்த்தால், ‘செரினிட்டி’ அந்த வரிசையில் ஏன் வந்தது என்பது விளங்கும்.

‘டிராங்க்வில்’ என்பதில் இல்லாதது தொந்தரவு. யாரும் எதுவும் வந்து குலைக்காத, குலைக்கும் என்ற எதிர்பார்ப்பும் இல்லாத நிலை அது. ஓசை இருக்கலாம், ஓடை சலசலக்கும் தோப்பை ‘டிராங்க்வில்’ என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் கண்டிப்பான பொருளில் அது ‘குவையட்’ ஆகாது.

இரண்டாம் படி: அந்த நிலை யாருடையது, எவ்வளவு நேரம் நீடிப்பது?

நெருக்கடியில் பதறாத மனிதரைக் குறிக்க ‘காம்’ என்ற சொல்லே பொருத்தம். அந்தச் சொல் கொந்தளிப்பை எப்போதும் பக்கத்தில் வைத்திருக்கிறது. அது அடங்கிவிட்டது, அல்லது இன்னும் வரவில்லை, அல்லது சுற்றிலும் இருந்தும் இவரைத் தொடவில்லை. அதன் வேரைத் தேடிச் சென்றால் சுட்டெரிக்கும் வெப்பத்தைக் குறித்த ஒரு கிரேக்கச் சொல் கிடைக்கிறது. உச்சி வெயிலில் மனிதரும் விலங்கும் ஒதுங்கி அடங்கிக் கிடக்கும் வேளையிலிருந்து இன்றைய பொருள் பிறந்தது என்பது வழக்கமாகத் தரப்படும் விளக்கம். வெயில் தாழ்ந்ததும் எல்லாம் மறுபடி எழுந்துவிடும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், இச்சொல்லின் தற்காலிகத் தன்மை மறக்காது.

‘டிராங்க்வில்’ இடத்தையும் காலத்தையும் வாழ்க்கைமுறையையும் சார்ந்தது: கிராமம், தோட்டம், மாலைப்பொழுது, ஓய்வுக்காலம். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நிதானமாகப் பணிபுரியும் மருத்துவரை ‘டிராங்க்வில்’ என்று எழுதினால், அவர் அங்கே நடப்பதைக் கவனிக்கவே இல்லையோ என்ற ஐயம் படிப்பவருக்கு எழும். ‘செரீன்’ இரண்டுக்கும் நடுவே, சற்று உயரத்தில் நிற்கிறது. கவலையின் சுவடில்லாத முகத்துக்கும் புன்னகைக்கும் ஏரிக்கும் வானத்துக்கும் அது பொருந்தும். ‘பிளாசிட்’ (சலனமற்ற, சாதுவான) என்ற சொல்லைத் தொடக்கத்தில் தள்ளியே வையுங்கள். ஏரிக்கு அது அழகு. மனிதருக்குச் சூட்டினால் மந்தமானவர் என்ற சாயல் ஏறிவிடக்கூடும்.

மூன்றாம் படி: வினையாக்கிப் பாருங்கள்

‘காம் டவுன்’ என்று ஒருவரிடம் சொல்லலாம். ‘செரீன் டவுன்’ என்றோ ‘டிராங்க்வில் டவுன்’ என்றோ சொல்ல முடியாது. இம்மூன்றில் ஏவலால் வரவழைக்கக்கூடியது ‘காம்’ மட்டும்தான். ‘டிராங்க்விலைஸ்’ என்ற வினை இருந்தாலும், அதைப் பார்த்ததும் மருந்துதான் நினைவுக்கு வரும். காட்டு யானைக்குச் செலுத்தும் ‘மயக்க ஊசி’யை ஆங்கில நாளிதழ்கள் ‘டிராங்க்விலைசர்’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே, அழுத குழந்தையைத் தாய் சமாதானப்படுத்தினாள் என்பதற்கு மறந்தும் இவ்வினையை எழுதிவிடாதீர்கள்.

நான்காம் படி: ‘பீஸ்’ என்பதோடு நிறுத்துப் பாருங்கள்

இந்தியாவும் சீனாவும் தங்களுக்கிடையிலான மெய்யான எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு குறித்து 1993 செப்டம்பர் 7 அன்று செய்துகொண்ட உடன்பாட்டின் ஆங்கிலத் தலைப்பில் ‘பீஸ் அண்ட் டிராங்க்விலிட்டி’ என்று இரண்டு சொற்களும் சேர்ந்தே வருகின்றன. எல்லை பற்றிய செய்திகளில் இன்றும் இந்த இணை அடிக்கடி தென்படுகிறது. தமிழாக்கும்போது ‘அமைதி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடத் தோன்றும். ‘பீஸ்’ என்பது இருதரப்பும் ஒப்புக்கொண்டு காக்கும் நிலை. அதன் லத்தீன் மூலமே ஒப்பந்தம் செய்தலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. எனவே அதற்கு உடன்படிக்கை உண்டு, மீறலும் உண்டு. ‘பொது அமைதிக்குக் குந்தகம்’ என்று நம் காவல்துறை சொல்வதில் இருப்பதும் இந்த ‘பீஸ்’தான். போர் மூளாமலே ரோந்துப் படைகள் உரசிக்கொள்ளக்கூடிய எல்லையில், அன்றாடச் சலசலப்பும் இல்லாதிருப்பதைச் சொல்ல ‘டிராங்க்விலிட்டி’ தேவைப்படுகிறது என்றே இந்த இணையை நான் புரிந்துகொள்கிறேன். ‘அமைதியும் சலனமின்மையும்’ என்று மொழிபெயர்த்தால் வேறுபாடு ஓரளவு தங்கும்.

ஐந்தாம் படி: நான்கு வாக்கியங்களில் பழகுங்கள்

‘நூலகத்தில் அமைதியாக இருங்கள்’ என்பதில் இல்லாதிருக்க வேண்டியது சத்தம். ‘குவையட்’ என்று எழுதுங்கள். ‘விபத்து நடந்தபோதும் ஓட்டுநர் அமைதியாக இருந்தார்’ என்பதற்குக் ‘காம்’. ‘பாட்டியின் முகத்தில் அப்படியொரு அமைதி’ என்பதற்குச் ‘செரீன்’ என்ற அடையோ அதன் பெயர்ச்சொல்லோ பொருந்தும். ‘ஓய்வுபெற்ற பிறகு ஆற்றங்கரை ஊரில் அமைதியாக வாழ்ந்தார்’ என்பதே ‘டிராங்க்வில்’ என்பதற்கான இடம். ‘பீஸ்ஃபுல்’ என்று எழுதினாலும் இங்கே பிழையில்லை. தொந்தரவற்று நீண்ட வாழ்க்கை என்ற குறிப்பு மட்டும் சற்று மங்கும்.

எழுத்துக்கூட்டலில் ஒரு கவனம் வேண்டும். ‘டிராங்க்வில்’ என்ற அடைச்சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே ‘எல்’. பெயர்ச்சொல்லான ‘டிராங்க்விலிட்டி’க்குப் பிரிட்டனில் இரண்டு ‘எல்’ எழுதுவார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். எதைத் தேர்ந்தாலும், ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் எழுதுங்கள்.