அண்டி ஆபீஸுக்கு ஆள் எடுக்கிறீர்களா? முதல் பத்துப் பேர் வரை ஒரு செய்முறை

குமரி மாவட்டத்தில் கருங்கல், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் சிறிதாக முந்திரி யூனிட், அதாவது அண்டி ஆபீஸ், போடுகிறவர்கள் எந்திரத்தைப் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். ஆட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் மனிதவளத்துக்கென்று தனி அதிகாரி இருக்க மாட்டார். அது முழுக்க உங்கள் வேலை.

முதல் படி, ஆள் தேடுவதற்கு முன்னால் வேலையை எழுதுங்கள். உடைப்பது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது மூன்றும் வெவ்வேறு வேலைகள். தரம் பிரிக்க கண் வேண்டும்: ஒரு பவுண்டுக்கு 240 பருப்பு வரை நின்றால் ஒரு தரம், 320 வரை போனால் இன்னொரு தரம், விலையும் வேறு. நன்றாக உடைக்கிறவரைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தால் இருவருக்கும் நஷ்டம்.

இரண்டாவது, நேர்காணலைப் பேச்சோடு முடிக்காதீர்கள். கொஞ்சம் பருப்பைக் கொடுத்து அரை மணி நேரம் உரிக்கச் சொல்லுங்கள். ஆளை எடுக்காவிட்டாலும் அந்த அரை மணிக்குக் கூலி கொடுத்து அனுப்புங்கள்.

மூன்றாவது, கூலி. கிலோவுக்கு எவ்வளவு, உடைந்த பருப்புக்கு என்ன கணக்கு, என்றைக்குக் கையில் வரும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் எடை. நான் கணக்குப் பார்க்கும் யூனிட்டில் முன்பு தராசு உள்ளறையில் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் ஓர் அக்கா, "தம்பி, நேற்றும் இதே பாத்திரம் நிறையத்தான் கொண்டுவந்தேன். நேற்று ஆறு கிலோ, இன்றைக்கு எப்படி ஐந்தரை?" என்று கேட்டார். பார்த்தால், பாத்திரத்தின் எடையை நான் இரண்டு தடவை கழித்திருக்கிறேன். பழைய பக்கங்களையும் புரட்டிப் பார்த்து, குறைந்த பணத்தைக் கொடுத்தோம். மறுநாளே தராசு கூடத்துக்கு வந்தது. இப்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன நோட்டு, எண்ணை அவர்களே பார்த்து எழுதுகிறார்கள். வேறெதைத் தள்ளிப்போட்டாலும் இதை முதல் நாளே செய்யுங்கள்.

நான்காவது, பத்தாவது ஆள் சேரும்போது இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு வந்துவிடும். மாதம் 10,000 ரூபாய் கூலி என்றால் தொழிலாளி பங்கு 75 ரூபாய், உங்கள் பங்கு 325. பணத்தைப் பிடிக்கும் முன், அது எதற்கு என்று உட்கார்ந்து விளக்குங்கள்: சுகமில்லாமல் போனால் சிகிச்சை உண்டு, போதிய நாள் பங்கு கட்டியிருந்தால் விடுப்பு நாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதியும் வரும். 20 பேர் ஆனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பதிவும் வரும். பெண்களின் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழுவும் பத்துப் பேரிலேயே கட்டாயம், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி. அதற்குத் தலைவர் ஒரு பெண், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும்.

ஐந்தாவது, கை. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் பொள்ளிவிடும். கையுறையும் தேங்காயெண்ணெயும் உங்கள் செலவு. கூலியில் பிடிக்கக் கூடாது.

கடைசியாக, லீவு. மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, ஓணம், கிறிஸ்துமஸ் நாட்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள், சரக்கு ஒப்பந்தத்தை அதற்கேற்பப் போடுங்கள். வருடத் தொடக்கத்திலேயே ஒரு பெரிய காலண்டரைச் சுவரில் மாட்டி, வேண்டிய நாளில் அவரவர் பெயரை அவரவரே எழுதச் சொல்லுங்கள்.