வேலையில் இருந்துகொண்டே ஆசிரியர் ஆவது: பதினாறு வாரக் கணக்கை முதலில் போடுங்கள்

கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு ஆசிரியர் ஆகும் ஆசை வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "தபாலில் பி.எட். எங்கே கிடைக்கும்?" அந்தக் கேள்வியில் தொடங்கினால் பணமும் போகும், ஒரு வருடமும் போகும். தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர் ஆக விரும்புகிறவர் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே தருகிறேன். தலைப்பில் உள்ள பதினாறு வாரம், பி.எட்.டில் கட்டாயமான பள்ளிப் பயிற்சி. அதைப் பேசும் நான்காவது படி நீளமானது. பலரும் தடுக்கி விழும் இடம் அதுதான்.

படி 1: எந்த வகுப்புக்கு?

1 முதல் 5 வரை எடுக்க டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வேண்டும். பி.எட். இருந்தால் போதும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. 6 முதல் 10 வரை என்றால் பட்டதாரி ஆசிரியர். இதற்கு இளநிலைப் பட்டம், பி.எட்., டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி, அதற்குப் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் தனிப் போட்டித் தேர்வு. 11, 12 என்றால் முதுகலை ஆசிரியர். முதுகலையும் பி.எட்.டும் வேண்டும், டெட் வேண்டாம். டி.ஆர்.பி. தேர்வு உண்டு.

வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். அரசுப் பணிக்கு டி.ஆர்.பி. வைத்திருக்கும் உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58.

படி 2: உங்கள் பட்டம் பொருந்துகிறதா?

பி.ஏ. தமிழ், ஆங்கிலம், வரலாறு, பி.எஸ்சி. கணிதம், இயற்பியல் போன்றவற்றுக்குச் சிக்கல் இல்லை. பி.காம்., பொருளியல் படித்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அந்தப் பாடங்களில் பி.எட். சேர முதுகலை முடித்திருக்க வேண்டும். முதுகலையை பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) அனுமதி பெற்ற தொலைநிலைக் கல்வியில் வேலையோடு படித்துவிடலாம். ஆகவே பி.காம். காரர்களுக்கு முதல் இரண்டு வருடம் எம்.காம்., அதற்குப் பிறகே பி.எட். முதுகலை ஆசிரியர் ஆவது உங்கள் குறி என்றால், இளநிலையில் படித்த அதே பாடத்தில் முதுகலையும் இருக்கட்டும். பாடம் மாறிப் படித்தவர்களின் விண்ணப்பம் சான்றிதழ் சரிபார்ப்பில் அடிபடுகிறது.

பி.இ. படித்தவர்களும் பி.எட். சேரலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிப்படி 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்.

படி 3: தபால் பி.எட். என்ற கதவை மூடுங்கள்

தொலைநிலை பி.எட். இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே பயிற்சி பெற்றுத் தொடக்க வகுப்புகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும், நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும் மட்டும். வங்கி ஊழியருக்கோ சாஃப்ட்வேர்க்காரருக்கோ கிடையாது.

இந்த இடத்தில்தான் புரோக்கர் வருவார். "வெளி மாநிலக் காலேஜ், போகவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க" என்பார். தயவுசெய்து போகாதீர்கள். அந்தப் பட்டம் 'ரெகுலர்' என்று அச்சாகி வரும். அதே இரண்டு வருடமும் உங்கள் பெயரில் சென்னையில் பி.எஃப். கட்டியிருக்கும். இரண்டு தேதிகளையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், விளக்கம் சொல்ல வழியில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், ஒரு நாள்கூடப் பாடம் நடத்திப் பழகாமல் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்பது.

படி 4: பதினாறு வாரம்

பி.எட். இரண்டு வருடம். வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள், வாரத்துக்கு 36 மணி நேரம். வகுப்புக்கு 80 விழுக்காடு வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு. பள்ளிப் பயிற்சி முதல் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம்.

இதை நாள்கணக்காக மாற்றிப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 16 வாரம் 80 நாள். 90 விழுக்காடு என்றால் 72 நாள் பள்ளியில் இருந்தாக வேண்டும். காய்ச்சல், கல்யாணம், ஆபீஸ் ரிலீஸ் எல்லாம் சேர்த்து உங்கள் கையில் இருப்பது 8 நாள். காலை வழிபாட்டுக் கூட்டத்திலிருந்து கடைசி மணி வரை பள்ளியில் இருக்க வேண்டும். பகல் நேர வேலையோடு இது ஒத்துவராது. ஒத்துவரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வழி இரண்டு. மாலை அல்லது இரவு ஷிஃப்ட் கிடைத்தால், கல்லூரி நாட்களைக் கடினமாக என்றாலும் ஓட்டலாம். அப்போதும் 36 மணி கல்லூரி, 40 மணி வேலை, இரண்டுக்கும் நடுவே பயணம் என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கல்லூரிக்கும் வேலை இடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூரம் என்றால் கைவிடுங்கள். தூக்கம் போனால் முதலில் அடிபடுவது லெசன் பிளான். அது இல்லாமல் வழிகாட்டி ஆசிரியர் வகுப்புக்குள் விடமாட்டார்.

என் பரிந்துரை இரண்டாவது வழி. இரண்டு மூன்று வருடம் வேலையில் இருந்தபடியே ஆயத்தம், 24 மாத வீட்டுச் செலவைச் சேமித்தல், பிறகு வேலையை விட்டுப் படிப்பது. முழுதாக விட முடியாதவர்கள் பதினாறு வாரத்துக்காவது சம்பளமில்லா விடுப்பை எழுத்தில் வாங்குங்கள். மேனேஜர் வாய் வார்த்தை போதாது, நடுவில் மேனேஜர் மாறிவிடுவார். பயிற்சி எந்த மாதம் தொடங்கும் என்பதைக் கல்லூரியில் சேரும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை 1இல் தொடக்கம், உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் பீரியட் என்றால், விடுப்பு மறுக்கப்பட்டால் ராஜினாமா கொடுக்க வேண்டிய நாள் ஏப்ரல் 1. அப்படியானால் விடுப்புக் கடிதம் பிப்ரவரியிலேயே போயிருக்க வேண்டும்.

படி 5: வேலையில் இருக்கும்போதே முடிக்கக்கூடியவை

பாடப்புத்தகம். 6 முதல் 10 வரை உங்கள் பாடத்தின் சமச்சீர்ப் புத்தகங்களைத் தரவிறக்கி வரி வரியாகப் படியுங்கள். கைடு வாங்காதீர்கள், குறைந்தது முதல் வருடம்.

கரும்பலகை. ஸ்லைடு போட்டுப் பேசிப் பழகியவர்கள் நிறுத்தாமல் இருபது நிமிடம் பேசிவிடுகிறார்கள். அதற்கு மருந்து மைக்ரோ டீச்சிங். 6 நிமிடம் நடத்துவது, 6 நிமிடம் குறை கேட்பது, 12 நிமிடம் திருத்தி எழுதுவது, மறுபடி 6 நிமிடம் நடத்தி 6 நிமிடம் குறை கேட்பது. மொத்தம் 36 நிமிடம். சனிக்கிழமைக்கு ஒன்று போதும். வீட்டில் 4 அடிக்கு 3 அடிப் பலகை, கேட்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர். ஏழாம் வகுப்பு அடர்த்தியை எடுங்கள். வரையறையை எழுதாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரும்பு ஆணியையும் பெரிய மரக்கட்டையையும் போட்டு, "கனமான கட்டை மிதக்குது, சின்ன ஆணி ஏன் முங்குது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். ஐந்து விநாடி அமைதியைத் தாங்குவதுதான் கடினம். பதிலை நீங்களே சொல்லிவிடத் துடிப்பீர்கள். சொல்லாமல் இருந்தால் ஒரு பிள்ளை, "ஆணி சின்னதா இருந்தாலும் உள்ளே நெருக்கமா இருக்கு" என்கிற மாதிரி ஏதோ சொல்லும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. சாக்பீஸ் கீச்சென்றால் பாதியாக ஒடித்துச் சாய்த்துப் பிடியுங்கள்.

காகிதங்கள். கடைசியாகப் படித்த கல்லூரியின் அசல் டி.சி. இல்லாமல் சேர்க்கை நடக்காது. பத்து வருடம் கழித்துத் தேடினால் கிடைப்பதில்லை, இப்போதே தேடுங்கள். பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்காமலே விட்டவர்களும் நிறைய.

பயிற்று மொழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவர்கள் பி.எட்.டையும் தமிழ்வழியில் எடுங்கள். அரசு நியமனத்தில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அவசரத்தில் ஆங்கிலவழி என்று டிக் அடித்தால் அது போய்விடும்.

படி 6: டெட்

பி.எட். இறுதியாண்டிலேயே எழுதலாம். 150 வினா, 150 மதிப்பெண், பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. ஒருமுறை தேர்ச்சி பெற்றால் ஆயுள் முழுதும் செல்லும். கேந்திரிய வித்யாலயா, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் என்றால் மத்திய அளவிலான தகுதித் தேர்வான சிடெட்டையும் சேர்த்து எழுதுங்கள். மாநில அரசுப் பள்ளிக்கு மாநில டெட் வேண்டும்.

பின்சேர்க்கை: ஓராண்டு பி.எட். வரப்போகிறதே, காத்திருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2025இல் வந்தது வரைவு விதி. வரைவை நம்பி வருடத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. கையில் 55 விழுக்காட்டோடு முதுகலை இருந்து, கல்லூரியில் கற்பிக்கவும் சம்மதம் என்றால், அதற்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் எழுதுங்கள். பி.எட். வேண்டாம், பதினாறு வாரமும் வேண்டாம். மூன்று மணி நேரத்தில் 150 வினா, தவறான பதிலுக்கு மதிப்பெண் குறையாது. பகல் வேலையை விடாமலே ஆயத்தம் செய்ய முடிகிற ஒரே பெரிய தேர்வு இதுதான் என்பது என் கருத்து.