ரத்தம் எடுக்கும் முன்: சர்க்கரை நோய் ஆபத்தை மதிப்பெண் போட்டுக் கணிப்பது எப்படி

ஊரில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யப் பணமும் ஆளும் போதாது. யாரை முதலில் அனுப்புவது என்று முடிவெடுக்கத்தான் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்ணை வெளியிட்டார்கள். சென்னை மக்களிடம் திரட்டிய தரவிலிருந்து உருவான கணக்கு இது. நான்கே விஷயங்கள், மொத்தம் 100.

வயது 35க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50ம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90க்குள் இருந்தால் 0. பெண்களுக்கு 80–89, ஆண்களுக்கு 90–99 என்றால் 10. அதற்கு மேல் 20. உடற்பயிற்சியும் கடும் உழைப்பும் இரண்டுமே இருந்தால் 0, ஏதாவது ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டிப் பார்த்து 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம், 30 முதல் 50 வரை நடுத்தரம், அதற்குக் கீழ் குறைவு.

வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். 38 வயது ஆண், இடுப்பு 92 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்லாந்தில் 2003இல் வந்த அட்டவணையில் வயதுக்கும் 0, இடுப்புக்கும் 0. நம் கணக்கில் அந்த இரண்டுக்கும் சேர்த்தே 30 வந்துவிடுகிறது. நம்மவர்களுக்கு இளவயதிலேயே, பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே சர்க்கரை வருவதால்தான் இந்த வித்தியாசம்.

அதிகம் தப்பு நடப்பது இடுப்பை அளக்கும்போது. பலர் தொப்புளைச் சுற்றி அளக்கிறார்கள், சிலர் பேண்ட் அளவைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பை வையுங்கள். கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, இயல்பாக மூச்சு விட்டு முடித்த நொடியில் படியுங்கள். பாவாடை நாடா பெரும்பாலும் அதே இடத்தில்தான் இறுகியிருக்கும். அதைத் தளர்த்தாமல் அளந்தால் அளவு தவறிவிடும். அதனால் பெண்களைப் பெண்களே, மறைவான இடத்தில் அளப்பதுதான் முறை. இரண்டு தடவை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் திரும்ப அளங்கள். நாள்பட்ட தையல் டேப் இழுபட்டு நீண்டிருக்கும், மாதம் ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு ஒப்பிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும் போட வேண்டியதில்லை.

“உடற்பயிற்சி செய்றீங்களா?” என்று கேட்டால் “நாள் பூரா ஓடிக்கிட்டுதான்மா இருக்கேன்” என்றுதான் பதில் வரும். நேற்று காலை எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று வரிசையாகக் கேளுங்கள். நடவு, அறுப்பு நேரத்தில் மட்டும் வயலில் இறங்குபவரின் மற்ற மாதங்களையும் விசாரியுங்கள். பெற்றோர் விஷயத்தில் “இல்லை” என்பதும் “தெரியாது” என்பதும் ஒன்றல்ல. பரிசோதனையே செய்யாமல் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம், எனவே “தெரியாது” என்று தனியாகக் குறியுங்கள். 50 வந்து நிற்பவரிடம் இந்தக் குறிப்பு இருந்தால் அவரையும் பரிசோதனைக்கு அனுப்புவதே நல்லது.

60 அல்லது அதற்கு மேல் வந்தவரிடம் “உங்களுக்குச் சுகர் இருக்கு” என்று சொல்லிவிடக் கூடாது. 2005 ஆய்வில் இந்த எல்லை, நோய் உள்ளவர்களில் 72.5 சதவீதத்தைப் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 60.1 சதவீதத்தைச் சரியாக ஒதுக்கியது. 1000 பேரில் 150 பேருக்குச் சர்க்கரை இருக்கும் ஊரில், 60ஐ எட்டும் சுமார் 448 பேரில் 109 பேருக்குத்தான் நோய் இருக்கும். 50 பேருக்கே இருக்கும் ஊரில் 415 பேர் எட்டுவார்கள், நோய் இருப்பதோ 36 பேருக்கு. மதிப்பெண் அதேதான், ஊர் மாறியதும் அதற்கான அர்த்தம் மாறிவிடுகிறது. இன்னொரு பக்கம், 60க்குக் கீழே இருந்தாலும் அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண் என்று எது இருந்தாலும் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. மீதி 50 மதிப்பெண் இடுப்பிலும் உழைப்பிலும்தான் இருக்கிறது, ஆலோசனை சொல்லும்போது அங்கே நேரம் செலவிடுங்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த இந்தியர்களிடம் நடந்து 2006இல் வெளிவந்த தடுப்பு ஆய்வில், எந்தச் சிகிச்சையும் தராத குழுவில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடைப்பயிற்சியையும் மாற்றிய குழுவில் அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் இதுபோன்ற ஆய்வில் 58 சதவீதம் குறைந்தது. அந்த எண்ணை நம் மக்களிடம் வாக்குறுதியாகச் சொல்லக் கூடாது.

மலைக்கிராமத்திலோ மீனவர் குப்பத்திலோ 60 என்ற எல்லை பொருந்துமா என்று சோதிக்க விரும்பினால், குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, மதிப்பெண் எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதிக மதிப்பெண்காரர்களை மட்டும் சோதித்தால், தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது கடைசிவரை தெரியாது. வெறும் வயிற்றில் 126 மி.கி./டெ.லி., அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 என்பதை எல்லையாக வையுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியை மட்டும் நம்ப வேண்டாம்: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.